இருந்தபடியும் தந்தியும் எங்கள் லிஃப்ட்டும்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கீழ்த்தளத்தில் என் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருப்பது நான் கேட்டு வாங்கிய வரம் இல்லை. கட்டினவர் அப்படிக் கட்டிவிட்டார். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், கையில் என்ன பை, முகத்தில் என்ன சேதி என்பதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டால் அதற்கு நான் என்ன செய்ய? காற்று வரட்டுமே என்று கதவை ஒரு சாண் திறந்து வைக்கிறேன், அவ்வளவுதான். போகிற போக்கில் அதை இழுத்துச் சாத்திவிட்டுப் போகிற புண்ணியவான்களும் இதே கட்டடத்தில் உண்டு. அவர்கள் தலை மறைந்ததும் மறுபடி திறந்து வைப்பேன்.

இந்தக் கதை அந்த லிஃப்ட்டைப் பற்றியது. அதைவிட நாலாம் மாடிப் பெண்ணைப் பற்றியது. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் இருந்தபடி.

பெயர் வந்த காரணம் மொட்டைமாடிக் கதவு. ஒரு நாள் டெய்லரம்மா துணி காயப்போட மாடிக் கதவின் தாழைத் திறந்துகொண்டு போயிருந்தாள். பின்னாலேயே யாரோ போய், டிஷ் ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு, பொறுப்பாக உள்ளே வந்து தாழைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்த டெய்லரம்மா வெயிலில் வதங்கிப் போனாள். அவள் போட்ட கூச்சல் கேட்டு ஓடிப்போய்த் திறந்துவிட்டவள் நாலாம் மாடிப் பெண்தான். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே பாடம் எடுத்தாள்.

"நீங்க வந்தப்ப திறந்திருந்தா திறந்தே விட்டுட்டுப் போங்க. மூடியிருந்தா மூடிட்டுப் போங்க. உங்களுக்கு முன்னாடி யாரு எதுக்கு அப்படி வெச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? இருந்தபடி விட்டுடுங்க."

மோட்டார் சுவிட்சுக்கும் அதே பாடம், மாடிப்படி விளக்குக்கும் அதே பாடம். தப்பில்லாத பாடம்தான். ஆனால் சொன்ன முறையில் ஒரு பள்ளிக்கூட வாடை. அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை பார்த்தது லிஃப்ட்டுக்கு மூளை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். மூளை என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை போர்டு. அதில் ஓடுகிற ப்ரோக்ராம்களுக்கெல்லாம் அடியில் ஒன்று இருக்குமாம், அதற்குக் கெர்னல் என்று பெயர். மற்ற ப்ரோக்ராமெல்லாம் குடித்தனக்காரர்கள் என்றால் இது வீட்டுக்காரர். யாருக்கு எப்போது தண்ணீர், யார் எப்போது மாடிக்குப் போகலாம் என்பதெல்லாம் இது சொன்னபடிதான். அந்த வீட்டுக்காரரை முழுசாக எழுதியது அவள். பட்டனையும் மாடிக்கு மாடி இருக்கிற சென்சாரையும் காது கொடுத்துக் கேட்கிற பகுதியை எழுதியது அவள் புருஷன்.

இருவரும் அந்தக் கம்பெனியில்தான் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமானதும் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமனாருக்கு முழங்கால் சரியில்லை, தனியாக விட முடியாது என்பது சொன்ன காரணம். நல்ல காரணம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டோடு வந்த மாப்பிள்ளையைக் கட்டடமே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். பால் போடுகிறவர்கூட "மாப்பிள்ளை சார்" என்பார். அந்த மனுஷர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் பழைய லிஃப்ட்டின் மூளை ஒரேயடியாகப் படுத்துவிட்டபோது, இவர்கள் கம்பெனி முதலாளி வந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர்தான் குடியிருப்புச் சங்கத்துக்குச் செகரட்டரி. அதனால் முதலாளி உட்கார்ந்தது என் வீட்டுக் கூடத்தில், டீ குடித்தது என் வீட்டு டம்ளரில், பேசியதை நான் கேட்டது சமையலறையிலிருந்து.

"எங்க புது போர்டை உங்க லிஃப்ட்ல போட்டுத் தர்றோம். முதல் முதலா ஒரு நிஜ லிஃப்ட்ல ஓடப்போகுது. நீங்கல்லாம் சரின்னு சொன்னா, இந்தப் பொண்ணு எழுதின கெர்னலையே இனிமே எல்லா லிஃப்ட்டுக்கும் போடுவோம். வேணாம்னு கழட்டிட்டீங்கன்னா..." என்று இழுத்து, "வெளியில ரெடிமேடா ஒண்ணு கிடைக்குது. அதை வாங்கிக்குவோம். இவ எழுதினதை ஓரமா எடுத்து வெச்சிட வேண்டியதுதான்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருந்தபடியின் முகம் அப்போது போன போக்கை நான் கதவிடுக்கில் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அதையே கட்டிக்கொண்டு அழுதவள். ஓரமாக எடுத்து வைப்பது என்றால் சும்மாவா?

போர்டு மாட்டுகிற நாள் காலையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்ட் வாசலிலேயே மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நானும் சும்மா நிற்க வேண்டாமே என்று கேட்டேன்.

"ஏம்மா, இவ்வளவு மூளை வெச்சிருக்கியே, எந்த மாடிக்காரங்க அதிகமா பட்டனை அமுக்கறாங்கன்னு இது சொல்லுமா?"

"ஏன்க்கா?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாமேன்னு."

சிரித்தாள். "அது என்ன பெரிய விஷயம்? எண்ணி வெச்சுக்கச் சொன்னா போச்சு." அங்கேயே தட்டத் தொடங்கினாள். ரிப்பன் வெட்ட முதலாளி வருவதற்குள் முடித்தும்விட்டாள். சந்தோஷத்தில் இருக்கிறவளிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும்.

முதல் சில நாட்கள் லிஃப்ட் பூப்போல ஏறியது, பூப்போல இறங்கியது. அதற்குப் பிறகுதான் அதற்குக் கோபம் வரத் தொடங்கியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு மாடியில் கதவைத் திறந்து ஆளை ஏற்றிக்கொள்ளும். அப்புறம் அப்படியே நின்றுவிடும். எந்தப் பட்டனை அமுக்கினாலும் காது கேட்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே தூக்கத்திலிருந்து விழித்த மாதிரி ஒரு குலுக்கு குலுக்கி, யாரையும் எதுவும் கேட்காமல் மெதுவாகக் கீழே வந்து, என் வாசலுக்கு எதிரே கதவைத் திறந்துகொண்டு நிற்கும். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி. உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து ஒன்றுமில்லை, பிரேக்கெல்லாம் தனி, போர்டை நம்பி இல்லை என்று மாப்பிள்ளை மாடிமாடியாகப் போய்ச் சொன்னார். ஆனால் மூன்றாம் மாடிக்குப் போக ஏறினவர் கீழ்த்தளத்தில் என் முகத்தில் விழித்தால் அவருக்குக் கோபம் வராதா?

அதிகமாகக் கோபப்பட்டவர் தந்தி. மூன்றாம் மாடி பேங்க் ஆபீசர். பட்டனை ஒரே தடவை அமுக்கி நிறுத்திப் பழக்கமே இல்லை அவருக்கு. டொக் டொக் டொக் டொக் என்று பழைய தந்தி ஆபீஸ் மாதிரி அடித்துக்கொண்டே இருப்பார். அவர் அடிக்கிறபோதுதான் லிஃப்ட் அதிகமாக முறுக்கிக்கொள்கிறது என்பதைக் கட்டடமே கவனித்தது. அது காதுக்குக் காது போய், இருந்தபடியின் காதுக்கும் போய், அவள் ஒரு நாள் லிஃப்ட் வாசலில் சொல்லியும்விட்டாள்.

"சார், ஒரு தடவை அமுக்கினா போதும் சார்."

"ஓஹோ! பட்டன் எதுக்கும்மா வெச்சிருக்கு? பார்த்து ரசிக்கவா? நான் அமுக்கினா தாங்காத லிஃப்ட் எனக்கு எதுக்கு?"

போய்விட்டார், படியேறி. மூச்சு வாங்க ஏறினார் என்பதையும் சொல்லவேண்டும். மறுநாளே என் வீட்டுக்காரரிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம் போடவேண்டும், போர்டைக் கழற்றுவதா வைப்பதா என்று கைதூக்கி முடிவு செய்யவேண்டும் என்று நின்றார். முதலாளியையும் வரச்சொல்லியாயிற்று.

அன்று முதல் நாலாம் மாடியில் புகைச்சல். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம். நல்ல நாளில் இருவரும் "நீ, வா, போ"தான். சண்டை வந்தால் மரியாதை ஏறிவிடும். காலையில் லிஃப்ட்டில் அவள் அவரிடம், "சாவி எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். அவர், "எடுத்துக்கிட்டேங்க" என்றார். எனக்கு அது போதாதா?

சனிக்கிழமை மத்தியானம் கூட்டத்தின் நேரத்தை நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று நானே நாலாம் மாடிக்குப் போனேன். போனிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் சொல்வது மாதிரி வருமா?

சாப்பாட்டு மேஜை முழுக்க ஒயர். நடுவில் எங்கள் லிஃப்ட்டில் இருப்பது போலவே இன்னொரு பச்சை போர்டு, பக்கத்தில் வரிசையாகப் பட்டன்கள். ஊறுகாய் பாட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு பேரும் இரண்டு லேப்டாப்பில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அப்பா, பல் டாக்டர், இப்போது பல் பிடுங்குவதில்லை, சோபாவில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க," என்றாள் இருந்தபடி. "அவர்கிட்ட சொல்லுங்க. பட்டன் பகுதியில எங்கயோ தாழை இஷ்டத்துக்குத் திறந்து விட்டிருக்காரு. அதைத் தேடச் சொல்லுங்க."

அவர் ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "தேடியாச்சுன்னு சொல்லுங்கக்கா. ரெண்டு தடவை தேடியாச்சு. எல்லாம் இருந்தபடிதான் இருக்கு."

"ரெண்டு தடவை தேடறதுக்குப் பதிலா ஒழுங்கா ஒரு தடவை தேடச் சொல்லுங்க."

பல் டாக்டர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "உங்களைத் தபால்காரி ஆக்கிட்டாங்களா? நாள் கணக்கா நான்தான் பார்த்தேன் அந்த வேலையை. உட்காருங்க, நான் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கறேன்."

"எந்தத் தாழைப் பத்திப் பேசறீங்க? மொட்டைமாடித் தாழா?" என்றேன்.

மாப்பிள்ளைக்கு விளக்கம் சொல்வதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

போர்டில் இருக்கிற ப்ராசஸர் ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் செய்யும். நடுவில் யாராவது பட்டனை அமுக்கினால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து என்னவென்று கேட்டுவிட்டு, திரும்பப் போய் விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படி வந்து கூப்பிடுவதற்கு இன்டரப்ட் என்று பெயர். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை, என் பொழுது முழுக்க அப்படித்தான் போகிறது. ஆனால் சில வேலைகள் நடுவில் விட்டுவிட்டு ஓடக்கூடியவை இல்லை.

"எந்த மாடிக்கு அடுத்துப் போகணும்னு ஒரு வரிசை வெச்சிருக்கோம்க்கா. எல்லாரும் கை கோத்துக்கிட்டு நிக்கற மாதிரி. நடுவுல புதுசா ஒரு ஆளைச் சேர்க்கணும்னா, கோத்த கையைக் கொஞ்சம் விடணும், புது ஆள் கையைப் பிடிக்கணும். விட்ட கை அந்தரத்துல இருக்கறப்ப இன்னொருத்தர் ஓடி வந்து அதைப் பிடிச்சுட்டா என்ன ஆகும்?"

"சிக்கிக்கும்."

"சில சமயம் வரிசை வட்டமாயிடும். லிஃப்ட் அடுத்தது யாரு, அடுத்தது யாருன்னு கேட்டுக்கிட்டே சுத்திச் சுத்தி வரும், முடிவே இருக்காது. ரொம்ப நேரம் பதில் வரலைன்னா காவலுக்கு ஒரு டைமர் இருக்கு, அது தலையில ஒரு தட்டு தட்டித் திரும்ப எழுப்பும். அப்பத்தான் கீழே வந்து உங்க வாசல்ல நிக்குது."

"அதனால," என்றாள் இருந்தபடி, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வரிசையில கை வைக்கறப்ப ப்ராசஸர் தாழைப் போட்டுக்கும். யாரு கூப்பிட்டாலும் வெளியில நிக்கட்டும்னு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சுட்டுத் திறந்துடணும், ரொம்ப நேரம் போட்டு வெச்சா வெளியில நிக்கறவங்க போயிடுவாங்க. இதுல ஒரே ஒரு விதிதான். தாழ் போட்டிருக்கறப்ப இன்னொரு வேலையைக் கூப்பிட்டா, அந்த வேலையும் தனக்காகத் தாழ் போடும். அது முடிஞ்சு போறப்ப, வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி விட்டுட்டுப் போகணும். ஏற்கெனவே மூடியிருந்தா மூடியே விடணும். நம்ம வேலை முடிஞ்சுதுன்னு படக்குன்னு திறந்துட்டுப் போனா, கூப்பிட்டவன் கதி? அவன் கையை விட்டுட்டு அந்தரத்துல நிக்கறான், தாழ் போட்டிருக்கற நினைப்புல."

"டெய்லரம்மா கதைதான்."

"டெய்லரம்மாவை உள்ள வரவிடாம மூடினாங்க. இது திறந்துட்டுப் போற கதை. ஆனா குணம் ஒண்ணுதான். அதைத்தான் அவருக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். பிறகு, இதுவரை அவர் பேசாத ஒரு குரலில், மெதுவாக, "ஒண்ணு பண்ணலாமான்னு கேளுங்கக்கா" என்றார். "வரிசையில கை வைக்கிற இடத்துல எல்லாம் ஒரு வாட்ச்மேனை நிறுத்தறேன். தாழ் போட்டிருக்கான்னு மட்டும் பார்ப்பான். திறந்திருந்தா எல்லாத்தையும் அங்கயே நிறுத்திட்டு, கடைசியா திறந்தது யாருன்னு பேரைச் சொல்வான். யாரையும் நாம தேட வேண்டாம்."

"போடச் சொல்லுங்க. அவரோட பகுதியில போடச் சொல்லுங்க."

"எல்லா இடத்துலயும் போடுவேன்னு சொல்லுங்க. கெர்னல்லயும்."

"என்னோடதுலயா?" நேராகவே கேட்டுவிட்டாள். தபால்காரியை மறந்துவிட்டாள். "என்னோடதுல எதுக்குங்க?"

"வாட்ச்மேன்னா எல்லா மாடிக்கும்தாங்க நிக்கணும். வீட்டுக்காரர் மாடியை விட்டுட்டு நிக்கச் சொன்னா எப்படிங்க?"

"ங்க" போட்டே அடித்துக்கொண்டார்கள். நான் எதையாவது சொல்லி ஏற்றிவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் பல் டாக்டர் பேப்பரின் பின்னாலிருந்து, "ஆடற பல்லு எதுன்னு தெரியணும்னா எல்லாப் பல்லையும்தான் ஆட்டிப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார். அவள் உதட்டைக் கடித்தாள். "சரி, போடுங்க" என்றாள்.

வாட்ச்மேன்களை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "தந்தி சார் வந்து அமுக்கினா நல்லா இருக்கும். அவர் வேகத்துக்கு நம்மால முடியாது."

யார் போய்க் கூப்பிடுவது? நான்தான். மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன்.

"சார், நாலாம் மாடியில உங்க விரல் வேணுமாம்."

"எதுக்கு? குத்தம் சொல்லவா?"

"இல்ல சார், உங்களை மாதிரி அமுக்க ஆளே கிடையாதாம்."

இதற்கு மயங்காத மனுஷன் உண்டா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் மேஜையில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். விரல்களை நெட்டி முறித்தார். வீணை வாசிக்கப் போகிற தோரணை. "எத்தனை நேரம் வேணும்?" என்றார்.

"நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் சார்."

டொக்.

போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் நின்றுவிட்டது.

தந்தி தூக்கிய விரலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு விழித்தார். "ஒரு தடவைதான்யா அமுக்கினேன்! எல்லாரும் பார்த்தீங்கல்ல? ஒரே தடவை!"

"தெரியும் சார்," என்றார் மாப்பிள்ளை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் பெயரைச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. நான் கழுத்தை நீட்டினேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் படித்தார், மறுபடி படித்தார். லேப்டாப்பை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

அவள் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். காது நுனியிலிருந்து சிவப்பு இறங்கி வந்தது.

"இது... நான் எழுதினது," என்றாள்.

திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"போர்டு மாட்டின அன்னைக்குக் காலையில, படியில உட்கார்ந்து. எந்த மாடியில எத்தனை தடவை அமுக்கறாங்கன்னு எண்ணற வேலை. தாழைப் போடு, ஒண்ணு கூட்டு, தாழைத் திற. அவ்வளவுதான். திற. இருந்தபடி விடுன்னு எழுதலை. திறன்னு எழுதியிருக்கேன்." கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அதை வரிசைக்கு நடுவுல இருந்து கூப்பிட்டிருக்கேன்."

முதலில் சிரித்தது பல் டாக்டர். பேப்பர் குலுங்கியது. "ஏம்மா, கட்டடம் பூரா போய்ப் பாடம் எடுத்தியே!" அடுத்து மாப்பிள்ளை. சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்து, முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தந்திக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், தன்மேல் தப்பில்லை என்பது மட்டும் புரிந்து, அவரும் சேர்ந்துகொண்டார்.

"அப்ப நான் வேகமா அமுக்கறதால இல்லையா?"

"இல்ல சார்," என்றாள் அவள் கையை எடுத்துவிட்டு. கண்ணில் தண்ணீர், ஆனால் வாய் ஓரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "ஒவ்வொரு தடவை அமுக்கறப்பவும் தாழ் திறந்துதான் கிடந்திருக்கு. அந்த நேரத்துல வேற யாரும் வந்து கூப்பிடாத வரைக்கும் ஒண்ணும் ஆகலை. நீங்க அடிக்கடி கூப்பிட்டீங்க, அதனால அகப்பட்டுச்சு. நான் உங்களைச் சொன்னது தப்பு சார்."

"பரவால்லம்மா, பரவால்ல." விரலை ஊதிக்கொண்டார்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் சிரிக்கற? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

நீ! நான் சோபாவில் சாய்ந்துகொண்டேன். சண்டை முடிந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம், ஆனால் மற்றவர் சந்தோஷத்தில் குறை காண்பவள் நான் இல்லை.

"சத்தியமா தெரியாது," என்றார் அவர். "ஆமா, எந்த மாடி அதிகமா அமுக்குதுன்னு யாருக்குத் தெரியணுமாம்? எதுக்கு எழுதின அதை?"

முதலில் அவள் தலையும், பின்னாலேயே மற்ற மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றேன். "எண்ணச் சொன்னேன், சரி. தாழைத் திறந்து போடச் சொன்னேனா?"

நியாயமான கேள்விதானே?

திருத்தியது கொஞ்ச நேரம்தான். திற என்று இருந்த இடத்தில், உள்ளே வரும்போதே தாழ் எப்படி இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, போகும்போது அப்படியே விடு என்று மாற்றினாள். பிறகு தந்தி அமுக்கத் தொடங்கினார். அவள் டீ போட்டாள், நாங்கள் குடித்தோம், இரண்டாவது தடவையும் குடித்தோம். அவர் நிறுத்தவில்லை. சிவப்பு விளக்கு எரியவே இல்லை. "போதும் சார்" என்றதற்கு, "இருங்க, இப்பத்தான் கை சூடு பிடிச்சிருக்கு" என்றார்.

அவர் போனதும் வீடு சற்று அமைதியானது. அவள் முகத்தில் மறுபடி கவலை ஏறியது.

"நாளைக்கு முதலாளி எதிர்ல என்னன்னு சொல்றது?"

மாப்பிள்ளை ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "என்னோட பகுதியில தப்புன்னு சொல்லிடலாம்" என்றார். "எல்லாரும் ஏற்கெனவே அப்படித்தானே நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கெர்னல்ல தப்புன்னா அந்தாளு பயந்துடுவாரு. வெளியில வாங்கிக்கலாம்பாரு. பட்டன்ல தப்புன்னா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடுவாரு. எனக்குத் திட்டு பழக்கம்தானே?"

யார் பழக்கினார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்த வேலை ஞாபகம் வந்து, கூட்டம் காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், "உனக்கென்ன?" என்றார். எனக்கென்னவா!

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிகளைத் தெருவில் விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டோம். முதலாளி முன்வரிசையில். திருத்தியதை ராத்திரியே லிஃப்ட் போர்டிலும் ஏற்றிவிட்டிருந்தார்கள். பல் டாக்டரை லிஃப்ட்டில்தான் இறக்கினார்கள், அது முணுமுணுக்காமல் இறக்கியது. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லிஃப்ட்டுக்கு என்ன கோளாறு என்று கம்பெனிக்காரர்கள் சொல்லவேண்டும் என்றார்.

மாப்பிள்ளை எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்தார். அவள் அவர் தோளில் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தாள்.

"தப்பு என்னோடது," என்றாள். "கெர்னல்ல நான் எழுதின ஒரு இடம். அவசரத்துல எழுதினேன். ஊருக்கெல்லாம் இருந்தபடி விடுங்கன்னு சொல்லிட்டு நான் விடலை. கண்டுபிடிச்சது இவர்."

பின்வரிசையில் சிரிப்பு. டெய்லரம்மா சத்தமாகவே சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. நெற்றியைத் தடவினார்.

"கெர்னல்லயே தப்புன்னா எப்படிம்மா? இன்னும் எத்தனை இருக்குமோ?"

"இருக்கலாம் சார். நேத்து வரைக்கும் இருந்தாலும் நமக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப வாட்ச்மேன் நிக்கறான், எல்லா இடத்துலயும். யாரு தாழைத் திறந்து போட்டாலும் அன்னைக்கே ஆபீஸ்லயே கத்துவான், லிஃப்ட் வரைக்கும் வராது. நான் பண்ணாலும் கத்துவான்."

முதலாளி யோசித்தார். யோசிக்கிறவர் முகத்தை நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தந்தி எழுந்துவிட்டார். போர்டைக் கழற்று என்று கூட்டம் கேட்டவரே அவர்தான், அதனால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

"நேத்து நானே அமுக்கிப் பார்த்தேன்," என்றார். "எத்தனை அமுக்குன்னு இவங்களைக் கேளுங்க. ஒண்ணும் ஆகலை. முதலாளி சார், நீங்க வெளியில ஒண்ணு வாங்கிப் போட்டு அது முறுக்கிக்கிட்டா, எந்த மாடிக்குப் போய் யாரு கதவைத் தட்டறது? இவங்க நாலாம் மாடியிலதான் இருக்காங்க. நான் மூணு. ஒரு மாடி ஏறினா போதும்."

இது நியாயமா, சௌகரியமா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டடத்துக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் மேலே போயின, தந்தி இரண்டு கையையும் தூக்கினார். முதலாளி திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, இதையே போடுவோம். ஆனா அந்த வாட்ச்மேனை எடுத்துடாதே" என்றார். அவள் தலையை ஆட்டினாள். உட்காருமுன் நாற்காலியை இரண்டு தடவை தடவிப் பார்த்ததை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையும் பார்த்திருப்பார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கூட்டம் கலைவதற்கு முன் இரண்டு தீர்மானம். பட்டனை எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்கலாம் என்று ஒன்று, அது தந்தி கேட்டு எழுதியது. யார் எவ்வளவு அமுக்குகிறார்கள் என்று எண்ணுகிற வேலையை எடுத்துவிடவேண்டும் என்று இன்னொன்று, அது டெய்லரம்மா. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் இருந்தபடி என் வீட்டுக்கு வந்தாள், செகரட்டரிக்கு நன்றி சொல்ல. அவர் வெளியே போயிருந்தார், அதனால் நான் வாங்கிக்கொண்டேன்.

"எண்ணறதை எடுத்துட்டியாமே?"

"எடுத்துட்டேன்க்கா. கூட்டத்துல சொன்னாங்கல்ல."

"எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பார்த்திருப்பியே?"

சிரித்தாள். "பார்த்தேன்."

"யாரு? தந்திதானே?"

"கீழ்த்தளம்க்கா. மத்த எல்லாரையும் விட ரொம்பத் தள்ளி முதல்ல இருக்கு."

மேலே போகிறவர்கள் எல்லோரும் கீழேயிருந்துதானே ஏறவேண்டும்? விருந்தாளி, பால்காரர், கூரியர்க்காரர் எல்லோரும் அங்கேதானே அமுக்குவார்கள்? இதில் ஒருத்தியைச் சந்தேகிக்க என்ன இருக்கிறது? இதை அவளுக்கு நன்றாக விளக்கிச் சொன்னேன். அவளும், "ஆமாங்கக்கா, நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள், முகத்தை ரொம்ப நேராக வைத்துக்கொண்டு.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே மாப்பிள்ளை நின்றிருந்தார். "வர்றியா?" என்றார். "வரேன் இரு," என்றாள். என் வாசலைத் தாண்டும்போது வழக்கமாக எல்லோர் கையும் என் கதவின் மேல் போகும். அவள் கையும் போனது. கைப்பிடியைத் தொட்டவள் நின்று, அதை ஒரு பார்வை பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு போய் லிஃப்ட்டில் ஏறிக்கொண்டாள். என் கதவு ஒரு சாண் திறந்தபடியே இருந்தது.